காற்றுக்குக் காத்திருந்தவர்



2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று, இந்தியக் கடற்படையின் 'ஜலஷ்வா' கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்தை வந்தடைந்தது. ஈரான் நாட்டின் பந்தர் அப்பாசில் ஏறிய 687 இந்தியர் அதில் இருந்தனர். அவர்களுள் மீனவர் பலர். பெருந்தொற்றினால் விமானங்கள் நின்றுபோகவே, மாதக்கணக்கில் அயல்நாட்டில் தவித்தவர்கள் அவர்கள். கப்பல் என்று வரும் என்பதே அந்நாள்களில் கடற்கரை இல்லங்களின் கேள்வியாயிருந்தது.

இக்கேள்வி நம் கரைக்குப் புதியதன்று. முத்துக் குளிப்புக்கும் தோணியோட்டத்துக்கும் காற்றையும் கடலையும் பார்த்துக் காத்திருந்தவர்கள் நம் முன்னோர். இக்கரை போற்றும் புனித சவேரியாரும் அவ்வாறு காத்திருந்துதான் நம்மிடம் வந்து சேர்ந்தார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தமது முப்பத்தைந்தாவது பிறந்த நாளன்று, அவர் லிஸ்பன் நகரில் கப்பலேறினார். இந்தியாவில் போர்த்துக்கீசிய ஆளுநராகப் பொறுப்பேற்க வந்த மார்த்தீன் அபோன்சோ தெ சூசாவின் ஐந்து கப்பல்கள் அவை. போர்வீரரும் மாலுமிகளும் அவற்றில் நிறைந்திருந்தனர். கினிக் கடலில் காற்று நின்றுபோகவே கப்பல்களும் நின்றன. ஆப்பிரிக்காவின் கீழைக்கரையை அவை எட்டியபோது, இந்தியாவை நோக்கித் தள்ளும் பருவக்காற்றின் காலம் கைநழுவியிருந்தது. ஆகவே மொசாம்பிக் தீவில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்க நேர்ந்தது.

படையோடு கடல் கடப்போருக்குப் போரைக் காட்டிலும் நீண்டது இந்தக் காத்திருத்தலே. செய்வதற்கு ஒன்றுமில்லை, திரும்பவும் வழியில்லை. நாளை புறப்படலாம் என்ற எண்ணமே இன்றைய நாளைத் தின்றுவிடும். சவேரியாரின் உள்ளமோ இந்தியாவில் இருந்தது. ஆயினும் அத்தீவின் மாதங்களை அவர் வீண் நாள்களாகக் கருதவில்லை. கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட நோயாளிகளைத் தம் துணைவர் இருவரோடு மருத்துவமனையில் பேணினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், இறப்போர் அருகில் இருந்தார், இறுதியில் தாமும் காய்ச்சலில் வீழ்ந்தார். 1542-இன் தொடக்கத்தில் ஆளுநர் புறப்பட்டபோது அவருடன் சவேரியாரும் சென்றார். துணைவர் இருவரும் நோயாளிகளுக்காகப் பின்தங்கினர். அவர்களுள் ஒருவரான மன்சிலாஸ் பிற்காலத்தில் நம் முத்துக் கரையிலும் உழைத்தவர்.

மே 6-இல் கோவாவை அடைந்த சவேரியார், அவ்வாண்டின் அக்டோபர் திங்களில் இக்கரைக்கு வந்தார். இங்கும் அவசரம் உதவவில்லை. மொழி தெரியாது. இருமொழியும் அறிந்தவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பல நாள் முயன்று தமிழாக்கினார். பிறகே சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். மொசாம்பிக்கின் நோயாளிகளிடம் பழகிய பொறுமை, நம் சிறுவர்களிடம் பயன்பட்டது எனலாம்.

ஆனால், காத்திருந்தால் கப்பல் கட்டாயம் வரும் என்று நாம் யாருக்கும் சொல்லிவிட முடியாது. 1552-இல் சான்சியான் தீவில், தம்மைச் சீனத்துக்குள் கொண்டு செல்வதாக வாக்களித்த வணிகனை எதிர்நோக்கியிருந்தார் சவேரியார். அவன் வரவில்லை. எதிர்க்கரை தொலைவிலில்லை, எனினும் டிசம்பர் 3-ஆம் நாள் அத்தீவிலேயே அவர் உயிர் பிரிந்தது. சென்றடைந்த ஊர்களை மட்டும் கணக்கிட்டால் அந்த இறுதி நாள்கள் தோல்வியாகவே தோன்றும். இறைவனின் கணக்கு அதுவன்று என்று நாம் நம்புகிறோம்.

இராணுவத்திலும் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் பணிபுரியும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. ஆணை வராமலோ கப்பல் கிடைக்காமலோ அவர்கள் எங்கோ தங்கிவிடும்போது, "எப்போது வருகிறாய்?" என்று நாள்தோறும் தொலைபேசியில் கேட்கிறோம். விடை அவர்களுக்கும் தெரியாது. கேள்வியோ அவர்கள் பாரத்தைக் கூட்டுகிறது. அதற்குப் பதிலாக, "இன்று யாரோடு உணவருந்தினாய்? உடன் இருப்பவர்கள் நலமா?" என்று கேட்டுப் பார்ப்போம். அவர்களது இன்றைய நாளுக்கு அது மதிப்பளிக்கும். அருகிலிருப்பவனின் காய்ச்சலையும் கண்ணீரையும் கவனிக்கச் செய்யும்.

இன்றிரவு குடும்ப செபமாலையில், புறப்படக் காத்திருக்கும் அனைவருக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்வோமாக.