கை நழுவினாலும் உயிர் தப்ப வேண்டும்

தென்னை ஏறும் கருவி வந்தபின், பரம்பரையாக மரம் ஏறாதவர்களும் ஏறுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால், நின்றபடி ஏறும் செம்பேரி வகையில் கம்பிக் கயிறு கருவியைத்தான் மரத்தோடு பிடிக்கிறது. பாதுகாப்புப் பட்டை இல்லையென்றால் ஏறுபவருக்குக் கைப்பிடி மட்டுமே துணை. குளவி கொட்டினாலோ, தலை சுற்றினாலோ அந்தப் பிடி விட்டுப்போகும். அங்கே ‘கவனமாக ஏறு’ என்ற அறிவுரை உதவாது. ஆள் தவறினாலும் தாங்குவதுதான் நல்ல கருவி.

இதற்காகவே காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் செம்பேரி கருவிக்குப் பாதுகாப்பு இணைப்பை வடிவமைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கருவியில் உட்கார்ந்தே ஏறலாம்.

எனவே விவசாயிகளே, கருவி வாங்கும்போது விலைக்கு முன் பட்டையைக் கேளுங்கள். பட்டை மாட்டாத ஆளை மரத்தில் ஏற்றாதீர்கள். விரிவாக்கப் பணியாளர்களும் செயல்விளக்கத்தில் பட்டை மாட்டியே ஏறிக் காட்டுங்கள்.