படுக்கையறையில் செடி வேண்டாமா?

“இரவில் செடி கரிவளியை வெளியிடும், படுக்கையறையில் வைக்காதே” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த அச்சம் தேவையற்றது என்பது என் கருத்து.

பகலில் இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை ஈர்க்கிறது. அந்த ஆற்றலைக்கொண்டு செடி நீரையும் கரிவளியையும் குளுக்கோசாக மாற்றுகிறது, உயிர்வளியை வெளியிடுகிறது. குளுக்கோசில் அடங்கியுள்ள ஆற்றலைப் பெறவே அதன் உயிரணுக்கள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நடைபெறாததால் கரிவளி வெளிவருவது உண்மைதான். ஆயினும், ஒரு தொட்டிச்செடி வெளியிடும் கரிவளி, அதே அறையில் உறங்கும் தம்பி வெளியிடுவதைவிட மிகக் குறைவு. தம்பியை யாரும் வெளியே அனுப்புவதில்லையே!

ஆகவே, அறிவியலைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், அன்றாடம் கேட்கும் செய்திகளையும் அதனைக்கொண்டு ஆராய்ந்து பார்ப்போம்.