பதினாறு தடவை கூப்பிடு!

பிச்சாவரத்தில் படகேறிய எல்லோருக்கும் தெரியும். கால்வாய்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சுரபுன்னை வேர் தலையில் இடிக்கும். படகுக்காரர் மட்டும் பேச்சை நிறுத்தாமலே சரியான திருப்பத்தில் திருப்புவார். பக்கத்தில் கிள்ளையில் எங்கள் வீட்டு நாலு கம்ப்யூட்டருக்கு நான்தான் படகுக்காரன்.

மாடியில் என் ஆபீஸ் லேப்டாப். ஹாலில் அப்பாவுடையது. அறைக்குள் பிளஸ் டூ படிக்கிற அண்ணன் பையனுடையது. பரணுக்குக் கீழே, போட்டோ சேர்த்து வைக்க ஒரு பழசு. "டேய், பிரிண்ட் வரலைடா!" என்று அப்பா குரல் கொடுத்தால் முன்பெல்லாம் படியிறங்கி ஓடணும். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே.

முதல் வேலை, நிலையான முகவரி. ரௌட்டரை அதன் போக்கில் விட்டால் எண்களை மாற்றிக்கொண்டே இருக்கும், வாடகை வீட்டுக்காரர் மாதிரி. அதிலேயே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண்ணை ரிசர்வ் பண்ணலாம். 192.168 என்று ஆரம்பிப்பவை வீடு, ஆபீஸ் உள்விவகாரத்துக்கென்றே ஒதுக்கியவை. மொத்தம் 65,536. நமக்கு நாலு போதும்.

அடுத்து, உள்ளே நுழைய வழி. லினக்ஸ் என்றால் எஸ்.எஸ்.எச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்ட் திருட, டாட்டு உலோனென் 1995-ல் எழுதியது. திருடனுக்கு நன்றி. விண்டோஸுக்கு ரிமோட் டெஸ்க்டாப். ஆனால் 'ஹோம்' பதிப்பு வெளியே போகுமே தவிர, வந்தவரை உள்ளே விடாது. பேர் மட்டும் ஹோம்!

தூங்குகிற கம்ப்யூட்டரை எழுப்பவும் வழி உண்டு. அதன் நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பதினாறு தடவை அடுக்கி அனுப்பினால் விழித்துக்கொள்ளும். கேபிளில் இணைத்திருந்தால் பெரும்பாலும். வைஃபையில் அதன் மூடைப் பொறுத்தது. அண்ணன் பையனுக்குப் பதினாறு போதாது.

ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றிலும் உள்ள போட்டோ, பத்திர நகல் எல்லாம் தானாகவே பழசில் பிரதியாகிவிடும். அதோடு நிம்மதியாகத் தூங்க எங்கள் ஊரில் முடியாது. 2004 சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். கல்யாண ஆல்பமும் பட்டாவும் தண்ணீரோடு போனவர்கள் எங்கள் பக்கம் உண்டு. நாலு கம்ப்யூட்டரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் நாலு பிரதியும் ஒன்றுதான்.

அதனால் இரண்டு டிஸ்க். ஒன்று இங்கே, ஒன்று சிதம்பரத்தில் தங்கச்சி வீட்டு பீரோவில். மாதாமாதம் போய் மாற்றி வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன். "எங்கண்ணனுக்கு என் மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று மாமியாரிடம் சொல்கிறாளாம்.