ஒரு சோப்பு, ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் நடை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சில மாதங்களாக என் கைபேசியில் ஒரே மாதிரியான விளம்பரங்கள். "நிணநீரைச் சுத்தம் செய்யுங்கள், உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறும்" என்று ஒரு பொடி, ஒரு ஜூஸ், முகத்தைத் தேய்க்க ஒரு கல், முதுகைத் தேய்க்க ஒரு பிரஷ். வாங்கலாமா சார் என்று இரண்டு மூன்று பேர் கேட்டும் விட்டார்கள். முப்பது வருடம் உயிரியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வாங்காதீர்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் இரத்தம் நுண்குழாய்கள் வழியே ஓடும்போது கொஞ்சம் நீர் வெளியே கசிந்து திசுக்களுக்குள் போகிறது. அதில் பெரும்பகுதி இரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் நிற்பது ஒரு நாளைக்குச் சுமார் 3 லிட்டர் என்று பாடநூல்கள் சொல்லும். அந்த மிச்சத்தையும் அதோடு கசிந்த புரதத்தையும் அள்ளிக்கொண்டு போய், கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் சேர்ப்பதுதான் நிணநீர் நாளங்களின் வேலை. வழியில் நூற்றுக்கணக்கான நிணநீர்க்கணுக்கள் சோதனைச்சாவடி போல நின்று, கிருமி வந்தால் பிடிக்கின்றன. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது அந்தச் சாவடியில் நடக்கும் சண்டை.

இரத்தத்துக்கு இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனியாக ஒரு பம்பு கிடையாது. நாளங்களின் சுவர் தானே சுருங்கி விரிந்து கொஞ்சம் தள்ளும். உள்ளே இருக்கும் வால்வுகள் பின்னால் போகாமல் தடுக்கும். மற்றதெல்லாம் நம் தசைகள் அசைவதாலும் மூச்சு விடுவதாலும் நடக்கிறது. கெண்டைக்கால் தசை இறுகும்போது நிணநீர் மேலே ஏறுகிறது. ஆழமாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து அதை மேலே இழுக்கிறது. கழிவைப் பிரித்து வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. குடிக்கிற ஜூஸ் எதுவும் நிணநீர் நாளத்துக்குள் போய்ப் பெருக்கித் துடைக்காது.

அப்படியென்றால் நாம் செய்ய வேண்டியது என்ன? தினமும் அரை மணி நேரம் நடங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்காராதீர்கள். பேருந்திலோ டிவி முன்னாலோ உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசையுங்கள். காலையில் ஐந்து நிமிடம் வயிறு உப்பும்படி நிதானமாக மூச்சு விடுங்கள். எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிக எடை நிணநீர் ஓட்டத்துக்குப் பெரிய சுமை. இவ்வளவுதான். இதில் காசு கொடுத்து வாங்க ஒன்றும் இல்லை.

ஆனால் நான் எழுத வந்த விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

நிணநீர் நன்றாக ஓடுகிறவர்களுக்கு இத்தனை விளம்பரம். நாளங்களே கெட்டுப்போனவர்களிடம் யார் பேசுகிறார்கள்? யானைக்கால் நோயைச் சொல்கிறேன். கடலூர், சிதம்பரம், கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடித்து உள்ளே வரும் நூல் போன்ற புழு, நிணநீர் நாளத்தில் குடியிருந்து அதைப் பாழாக்குகிறது. அரசு ஊர் ஊராக டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தது. அதனால் புதிதாகப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. நல்ல வேலை, பாராட்ட வேண்டும். இலங்கையும் 2016இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

பரவுவது நின்றாலும், ஏற்கெனவே வீங்கிய கால் வற்றிவிடாது. மாத்திரை புழுவைத்தான் ஒழிக்கும். கெட்டுப்போன நாளத்தைப் புதுப்பிக்காது. அந்தக் காலோடு இருப்பவர்கள் கல்யாண வீட்டில் கடைசி வரிசையில், புடவையால் காலை மூடி உட்காருகிறார்கள். "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று அவர்களே நம்பிவிட்டார்கள். இந்த நம்பிக்கையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பிரேசிலில் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் இந்த நோயாளிகளோடு வேலை செய்தார். அடிக்கடி குளிர்சுரம் வந்து, கால் சிவந்து, ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடுகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் தோல் வெடிப்பு வழியே நுழையும் சாதாரண பாக்டீரியா என்பதை அவருடைய பணி எடுத்துக் காட்டியது. கதவு தெரிந்துவிட்டால் அதைச் சாத்த முடியும் அல்லவா? விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும் குதிகால் வெடிப்பும்தான் அந்தக் கதவு.

ஆகவே கால் வீங்கியவர்கள் தினமும் செய்ய வேண்டியது இது. காலை, மாலை இரண்டு வேளையும் சாதாரண சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு, மடிப்பு மடிப்பாக, விரலிடுக்கு வரை மெதுவாகக் கழுவுங்கள். முரட்டு நார், கல் வேண்டாம். வெந்நீர் வேண்டாம். மெல்லிய துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடையுங்கள். சேற்றுப்புண்ணுக்கு மருத்துவர் தரும் களிம்பைத் தடவுங்கள். உட்காரும்போது காலை ஒரு ஸ்டூலில் வையுங்கள், படுக்கும்போது தலையணை மேல் வையுங்கள் (இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு). கணுக்காலைச் சுழற்றுங்கள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள். சுரத்தோடு கால் சிவந்து சூடாக இருந்தால், அன்றைக்குத் தேய்ப்பதும் பயிற்சியும் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் கணுக்களை எடுத்த நம் சகோதரிகளுக்கும் கை வீங்குவதுண்டு. "அந்தக் கையை அசைக்கவே கூடாது" என்பது பழைய பேச்சு. மருத்துவர் சொன்ன பயிற்சியைப் படிப்படியாகச் செய்வதுதான் நல்லது. அவர்களும் தோலில் வெட்டு, கீறல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்ந்த சிகிச்சையாளர் செய்யும் நிணநீர் மசாஜ் இவர்களுக்கு உதவும். அது முகப் பளபளப்புக்காக விற்கப்பட வேண்டிய பொருள் இல்லை.

என் கருத்து இதுதான். மாத்திரை கொடுக்க வீட்டு வாசல் வரை வந்த சுகாதாரத்துறை, காலைக் கழுவக் கற்றுக்கொடுக்கவும் அதே வாசலுக்கு வர வேண்டும். ஒரு பேசின், சோப்பு, துண்டு, களிம்பு கொண்ட பை ஒவ்வொரு நோயாளிக்கும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்திலேயே பரவலைத் தடுப்பது ஒரு பாதி, ஏற்கெனவே பாதிக்கப்பட்டவரைப் பராமரிப்பது மறுபாதி. முதல் பாதியில் காட்டிய அக்கறையை இரண்டாவதிலும் காட்டச் சொல்லித்தான் கேட்கிறேன். கிராமசபையில் இதைக் கேளுங்கள். பள்ளியில் கைகழுவக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் கால்கழுவவும் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகள் பாட்டிக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னொன்று: செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

உங்கள் தெருவில் காலை மூடிக்கொண்டு உட்காருகிறவர் யாராவது இருந்தால், இந்தப் பதிவைப் படித்துக் காட்டுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.