மருதையாறு கற்பித்த பாடம்

1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தண்டை ரெயில் பாதையைக் குலைத்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்து 140-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தாமே பொறுப்பேற்று ராஜிநாமாச் செய்தார். அப்பெருந்தன்மையைத் தேசம் இன்றும் போற்றுகிறது. ஆயினும் ராஜிநாமா மாண்டவரை மீட்பதில்லை. மழைநீர் மண்ணை அரிக்குமிடத்தை உரிய காலத்தில் கண்டு சீர்செய்வதே உயிரைக் காக்கும் வழி.

பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் வழியே சென்று கொள்ளிடத்தில் கலக்கிறது. சுண்ணாம்புக்கல் மிகுந்த அரியலூர்ப் பூமியில் சிமெண்டு ஆலைகளும் சுரங்கங்களும் எழுந்துள்ளன. இரு ஜில்லாக்களிலும் சாலைகளும் கட்டிடங்களும் பெருகி வருகின்றன. இவை வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் அஸ்திவாரத்துக்கு வெட்டிக் குவித்த மண் திறந்து கிடக்கையில் ஐப்பசி மழை பிடித்தால், அது சேறாகி ஓடையை அடைத்து, வாய்க்காலை மேடாக்கி, ஏரியைத் தூர்க்கிறது. கட்டுவோனின் லாபம் அவனுக்கே. சேற்றின் நஷ்டமோ குடியானவனுக்கு.

சட்டமே இல்லையோவெனில், உண்டு. 2003-ல் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது முடிந்த கட்டிடத்தைப் பற்றியது. 2006-ல் மத்திய சர்க்கார் 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டிடங்களுக்கு முன்அனுமதியை விதித்து, அரை வருஷத்துக்கு ஒரு முறை அறிக்கையும் கேட்டது. மழை அரை வருஷம் காத்திருக்குமா? அமெரிக்க மத்திய சர்க்காரின் 2022-ம் வருஷத்து விதியைப் பாருங்கள். 1 ஏக்கர் நிலத்தைக் கிளறும் வேலையையும் அது விடுவதில்லை. 7 நாளைக்கு ஒரு முறை சோதனை. அல்லது 14 நாளைக்கு ஒரு முறையோடு, கால் அங்குல மழை பெய்த 24 மணி நேரத்துக்குள்ளும் சோதனை. அடுத்த 24 மணி நேரத்தில் அறிக்கை எழுதி முடிய வேண்டும்.

இதனால் லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்குமென்பர் சிலர். அவ்வச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு மருந்து, விதியைக் கைவிடுவதன்று. கையொப்பமிட்ட அறிக்கையை வேலைத்தலத்திலும் பஞ்சாயத்து ஆபீசிலும் எல்லோரும் காண ஒட்டுவதே. எந்த வாய்க்கால் அடைபட்டதென்பதை இன்ஸ்பெக்டரைவிட ஊரார் நன்கறிவர்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இவ்விதியை இவ்விரு ஜில்லாக்களில் தொடங்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம். நமது தொண்டர்களும் ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் தத்தம் ஊர் ஓடைகளைச் சென்று பார்ப்பார்களாக.