சாவி ஒன்று, ஊர் இருநூறு

ஒரு சிற்றூர் தன் தஸ்தாவேஜுகளைத் தானே வைத்துக் காப்பாற்ற முனைவதைக் காட்டிலும், அத்தொழிலில் தேர்ந்த கம்பெனி ஒன்றிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாயிருப்பதே விவேகம் என்னும் அபிப்பிராயம், ஸ்வீடன் தேசத்து ஸ்தல ஸ்தாபனங்களிலே வேதவாக்கைப்போல் நிலைபெற்றிருக்கிறது. அதைச் சந்தேகிப்பவனுக்குப் பழமைவாதி என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள நான் சித்தமாயிருக்கிறேன்.

இந்த வாதக்காரர்கள் ஆதாரமாகக் காட்டத்தக்கது காலிக்ஸ். வடகோடியிலே, சுமார் 16,000 பேர் வசிக்கும் அவ்வூரின் கம்ப்யூட்டர்களை 2021 டிசம்பர் 16 அன்று கப்பம் கேட்கும் கூட்டமொன்று முடக்கிவிட, வீடு வீடாய்ச் சென்று முதியோரைப் பராமரிக்கும் ஊழியர்கள், நேற்றுவரை திரையில் பார்த்துவந்த குறிப்புகளைக் காணமாட்டாமல், காகிதமும் பேனாவுமாய் வேலைக்குக் கிளம்பினார்கள். சின்ன ஊருக்கு இத்தகைய எதிரியோடு பொருதச் சக்தி ஏது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், நிபுணர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள அங்கே பணமில்லை என்பதும் மெய்யே. ஆனால் காலிக்ஸில் விழுந்த இடி காலிக்ஸோடு நின்றது என்பதை அவர்கள் சொல்லுவதில்லை.

2024 ஜனவரியில் டியட்டோஎவ்ரி என்னும் பெரிய ஸ்தாபனத்தின் ஒரே ஒரு தரவு நிலையம் தாக்கப்பட்டபோது, ஊராட்சிகளும் சர்வகலாசாலைகளும் அரசாங்க இலாகாக்களும் ஒருசேரத் தவித்தன. அந்த எச்சரிக்கை போதவில்லை. 2025 ஆகஸ்டில், ஊராட்சிகளின் ஊழியர் குறிப்புகளை வைத்துக் காத்துவந்த கார்ல்ஸ்க்ரோனா நகரத்து மில்யோடாட்டா கம்பெனியின்மேல் கப்பக் கூட்டமொன்று கை வைத்தது. தேசத்திலுள்ள 290 ஊராட்சிகளில் பெரும்பாலானவை அதன் வாடிக்கையாளர்களாயிருந்தபடியால், ஏறக்குறைய 200 ஊராட்சிகளும் பிராந்தியங்களும் ஒரே நாளில் கலங்கின. கேட்ட கப்பம் ஒன்றரை பிட்காயின்; பின்னர் இருட்டுச் சந்தையில் கொட்டப்பட்டவையோ 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள். ஒரு கோடியைச் சற்றே தாண்டிய ஜனத்தொகையில் இது ஏழில் ஒரு பங்கு! இருநூறு ஊர்களைத் தனித்தனியே கொள்ளையிடப் புறப்படும் திருடன் பாதி வழியிலேயே களைத்துப்போவான். அவனுக்கு அந்த அலைச்சலை மிச்சம் பிடித்துக் கொடுத்தது நம்முடைய விவேகந்தான்.

அந்தக் கம்பெனியின் அடாட்டோ என்னும் ஏற்பாட்டிலே இருந்தது வரிக்கணக்கோ சாலைக் கணக்கோ அல்ல. முதுகு வலித்து மூன்று வாரம் படுத்துவிட்ட ஒரு பள்ளி ஆசிரியை, தன் பக்கத்து அறைக்காரியிடம்கூடச் சொல்லாமல் மேலதிகாரிக்கு மட்டும் கொடுத்த வைத்தியச் சான்றிதழும், மீண்டும் வேலைக்குத் திரும்புவது பற்றி இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதன் குறிப்பும் போய்ச் சேரும் இடம் அது.

இத்தனைக்கும், ஒப்படைத்தவுடன் பொறுப்பும் கைமாறிவிட்டது என்று ஐரோப்பியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. தரவுக்கு உடையவன் ஊராட்சி. கம்பெனி அதன் ஏவலாள் மாத்திரமே. ஆகவேதான் தனிநபர் விவரங்களைக் காக்கும் ஸ்வீடன் அதிகார சபை விசாரணை தொடங்கியபோது, மில்யோடாட்டாவோடு நில்லாமல், கோத்தன்பர்க் நகரத்தையும் ஆல்ம்ஹுல்ட் ஊராட்சியையும் வெஸ்ட்மன்லாந்து பிராந்தியத்தையும் கூண்டில் ஏற்றியது. குழந்தைகளின் விவரங்களும், உயிருக்கு அஞ்சி முகவரியை மறைத்து வாழ்வோரின் விவரங்களும், எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் விவரங்களும் அந்த மூட்டையில் ஏன் கிடந்தன என்பது அவர்கள் விடை சொல்லவேண்டிய கேள்வி. அதற்குக் கம்பெனியின் ரசீதைக் காட்டித் தப்ப முடியாது.