தொழிற்சங்க ஆய்வு: தலைப்பைத் தேர்தலும் குறுக்குதலும்

முதுகலை இறுதியாண்டு மாணாக்கர் ஆய்வுத் தலைப்பு நாடித் துறைக்கு வரும் பருவத்தில், உழைப்பாளர் பற்றிய தலைப்பு ஒன்றேனும் ஆண்டுதோறும் இடம்பெறக் காண்கிறோம். 'தமிழ் இலக்கியத்தில் தொழிலாளர்', 'தமிழ் நாவல்களில் தொழிற்சங்க இயக்கம்', 'தமிழகத் தொழிற்சங்கங்கள் – ஓர் ஆய்வு' என்றாங்கு அவை அமையும். இவ்வார்வம் பாராட்டுக்குரியது. ஆலையிலோ தோல் பதனிடும் தொழிலிலோ உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் அவ்வாழ்வைக் கல்விக்குள் கொண்டுவர விழைவது இயல்பே, வரவேற்கத்தக்கதும் ஆகும். எனினும், இத்தலைப்புகளில் எழுதப்பெறும் ஏடுகளுள் பெரும்பாலானவை புதியது ஒன்றையும் சொல்லாமல் நிலைப்பேழையில் உறங்கிவிடுகின்றன. ஏன்? தலைப்பின் அகலமே காரணம் என்பது என் கருத்து.

அகலத்தின் மயக்கம்

பெரிய தலைப்பு பெரிய ஆய்வைத் தரும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உண்மை அதற்கு நேர்மாறானது. 'தமிழகத் தொழிற்சங்கங்கள்' என்று தலைப்பிட்டவர் எவற்றையெல்லாம் சொல்லியாக வேண்டும்? 1908இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்கத் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தம். 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிய மே நாள். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். 1946 சனவரியில் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் நால்வர் என்று பட்டியல் நீளும். நூறு பக்க ஏட்டில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பன சில பக்கங்களே. அவையும் அச்சேறிய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டனவாகவே இருக்கும். அகன்ற தலைப்பு மாணவரை ஆய்வாளர் ஆக்குவதில்லை, படியெடுப்பவர் ஆக்குகிறது. இதில் பழி மாணவரை மட்டும் சாராது. தலைப்புக்கு இசைவளிக்கும் நெறியாளர்க்கும் பங்குண்டு.

நம் துறைக்கே உரிய வழக்கம் ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. எப்பொருளை எடுப்பினும் முதல் இயலைச் சங்க காலத்திலிருந்து தொடங்காவிடில் நம்மவர்க்கு நிறைவு உண்டாவதில்லை. தொழிற்சங்கம் பற்றி எழுத வந்தவரும் கடைச்சங்கத்திலிருந்தே புறப்படுகிறார். உழவரும் உமணரும் பரதவரும் முதல் இயலில் அணிவகுப்பர். ஆலைவாயிலை அடைவதற்குள் ஏட்டின் பாதி முடிந்துவிடும். பழந்தமிழரின் தொழில்கள் தனியாய்வுக்கு உரியன, ஐயமில்லை. ஆனால், கூலிக்கும் வேலை நேரத்திற்கும் முதலாளியோடு பேரம் பேசும் அமைப்பு ஆலைத்தொழிலின் விளைவு. 'சங்கம்' என்னும் சொல் இரண்டிடத்தும் வருவதனாலேயே இரண்டும் உறவாகிவிடா.

இன்று இச்சிக்கல் முன்னினும் கூர்மையாகியுள்ளது. எம்.ஃபில். பட்டம் இருந்த காலத்தில், ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுதும் ஆய்ந்து பழகும் வாய்ப்பு இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் அப்பட்டத்தைக் கைவிட்டது. இனி, மிகப் பலர்க்கு ஆய்வு என்பது முதுகலைத் திட்டக் கட்டுரையோடு தொடங்கி அதனோடே முடிவதாகும். கையில் இருப்பன சில திங்கள்களே. அவற்றைக் கடலளக்கச் செலவிடுவதா, கிணறு ஒன்றைத் தோண்டச் செலவிடுவதா என்பதே வினா.

எல்லையும் வினாவும்

தலைப்பைக் குறுக்குக என்றவுடன் மாணாக்கர் இடத்தையும் காலத்தையும் வெட்டிக் குறைக்கின்றனர். 'தமிழகத் தொழிற்சங்கங்கள்' என்பது 'சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918–1921' என்றாகிறது. இது நல்ல தொடக்கமே, முடிவன்று. எல்லை வகுத்தாயிற்று, வினா இன்னும் பிறக்கவில்லை. வினா இல்லாத எல்லைக்குள் எழுதுவது நாட்குறிப்பாகும்; ஆய்வாகாது.

இதே பொருளில் வினா எங்ஙனம் பிறக்கும் என்று காண்போம். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரை முதன்மையாகக் கொண்டு எழுந்தது அச்சங்கம். முதல் முயற்சி செய்தோர் செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் ஆவர். தலைவர் பி.பி.வாடியா பம்பாயில் பிறந்த பார்சி, தமிழர் அல்லர். துணைத்தலைவருள் ஒருவர் 'தேசபக்தன்' ஆசிரியராயிருந்த திரு.வி.கலியாணசுந்தரனார். உரிமை, வேலைநிறுத்தம், கதவடைப்பு என்னும் கருத்துகளை ஆலைத்தொழிலாளர் முன் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு அத்தமிழறிஞரைச் சார்ந்தது. அப்படியாயின், ஆங்கிலத்தில் வளர்ந்த தொழிற்சங்கக் கருத்துகளுக்கு அவர் எந்தெந்தத் தமிழ்ச் சொற்களை ஆண்டார்? மேடைக்கு ஒரு நடையும் இதழுக்கு ஒரு நடையும் கொண்டாரா? சமய நூல்களில் ஊறிய அவர்தம் மொழி, கூலிப் போராட்டத்தைப் பேசியபோது எங்ஙனம் மாறியது? இவை தமிழ்த்துறை மாணவர் கேட்கத்தக்க வினாக்கள். அவர்தம் 'வாழ்க்கைக் குறிப்புகள்', அவர் நடத்திய இதழ்களுள் கிடைப்பன ஆகியவை சான்றாகும். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்களைத் தேடலாம்.

குறுகிய தலைப்புக்கு மற்றொரு நன்மையும் உண்டு. அகன்ற தலைப்பு மறைக்கும் கசப்பான உண்மைகளை அது வெளிக்கொணரும். 1921ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குச் சென்றனர், புளியந்தோப்பில் மோதல் மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 'தொழிலாளர் ஒற்றுமை' என்னும் தலைப்பில் எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவர். அவ்வோராண்டை மட்டும் எடுத்தவர் கடக்க இயலாது. பணிக்குச் சென்றோரின் நியாயம் யாது, சங்கம் அவர்களை எங்ஙனம் நோக்கியது, அவர்தம் தலைவர்கள் யாது கூறினர் என்று அவர் கேட்டே ஆகவேண்டும்.

நாவல்வழி ஆய்வுக்கும் இது பொருந்தும். கைத்தறி நெசவாளர் நெருக்கடியைப் பேசும் ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைச் சித்திரித்து 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி.செல்வராஜின் 'தோல்' ஆகிய மூன்றையும் ஒரே ஏட்டில் அடக்கிக் கதைச்சுருக்கம், பாத்திரப்படைப்பு, சமுதாயப் பார்வை என்று இயல் பிரிப்பது பழகிய தடம். அதைவிட, ஒரு நாவலை மட்டும் எடுத்து, 'ஒன்றுசேர்வோம் என்னும் முதற்சொல்லை யார் சொல்கிறார்? உள்ளிருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா?' என்று கேட்பது சிறப்பு. அவ்வொரு வினா, நாவலாசிரியர் தொழிலாளியின் ஆற்றலை எந்த அளவுக்கு நம்பினார் என்பதைக் காட்டிவிடும்.

இல்லத்திலிருந்தே ஒரு தலைப்பு

நூலகத்திற்கு வெளியிலும் தலைப்புகள் உள்ளன. நெல்லைச் சீமையிலும் வேலூர்ப் பகுதியிலும் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவருள் முஸ்லிம் பெண்களும் மிகப் பலர். ஆலைத்தொழிலாளர்க்கு வாயிற்கூட்டம் உண்டு; சங்கு ஒலித்தவுடன் ஒருங்கே வெளிவருவர். பீடி சுற்றும் பெண்ணுக்கு வாயில் ஏது? தன் வீட்டுத் திண்ணையில் இலையும் தூளும் நூலும் கத்தரியுமாய் அமர்ந்திருக்கிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. வீட்டில் உழைப்போரையும் தொழிலாளராக ஏற்ற பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல்தான் வந்தது. முதலாளியை நேரிற் காணாத, ஒரே கூரையின்கீழ்க் கூடாத இவர்களிடையே சங்கம் எங்ஙனம் உருவாகும்? இவ்வினா ஆலைச் சங்கங்களைப் பற்றிய நூல்களில் விடை காணாதது.

'இது சமூகவியலார்க்கு உரியதன்றோ, தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?' என வினவலாம். வேலை உண்டு. சங்கங்கள் வெளியிடும் துண்டறிக்கைகளை எடுத்துக்கொள்வோம். அவை எச்சொல்லால் தொடங்குகின்றன? 'தோழர்களே' என்றா, 'தாய்மார்களே' என்றா, 'சகோதரிகளே' என்றா, 'பீடித் தொழிலாளப் பெருமக்களே' என்றா? நம் இலக்கணம் இதனை எட்டாம் வேற்றுமை என்னும், விளி என்னும். உழைப்பவர் பெரும்பாலும் பெண்களாயிருக்க, விளி ஆண்பாலை நோக்கியதாய் இருப்பின், அவ்வறிக்கை யாரை நோக்கிப் பேசுகிறது? தாயாக விளிக்கப்படுபவரும் தொழிலாளராக விளிக்கப்படுபவரும் ஒரே பெண்தானா? காலந்தோறும் விளி மாறியிருப்பின், சங்கத்தில் பெண்ணின் இடமும் மாறியதா? 'பீடித் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில் விளிச்சொற்கள்' என்று ஓர் ஊரையும் ஒரு சங்கத்தையும் மட்டும் கொண்டு எழுதினால், அது தொல்காப்பியத்தையும் தொழிற்சங்கத்தையும் மெய்யாகவே இணைக்கும். சிறிய தலைப்புத்தான், ஆனால் இதனை எழுதத் தக்கவர், அவ்வூரில் பிறந்து அத்திண்ணையில் அமர்ந்த மகளைத் தவிர வேறு யார்?

மூன்று சோதனைகள்

தலைப்பு முடிவாகுமுன் மாணாக்கர் மூன்று சோதனைகளைச் செய்துகொள்ளல் வேண்டும். முதலாவது, தலைப்பை ஒரு வினாவாக, ஒரே வாக்கியத்தில் எழுத இயலுகிறதா? இயலாவிடில் அது இன்னும் தலைப்பாகவில்லை. இரண்டாவது, விடைக்கான சான்று கைக்கெட்டுமா? துண்டறிக்கைகள் ஐந்தே கிடைக்குமாயின் விளியாய்வு நில்லாது. மூத்த உறுப்பினரின் வாய்மொழியைத் துணைக்கொள்ள வேண்டும், அல்லது வினாவை மாற்ற வேண்டும். மூன்றாவது, விடை முன்னரே தெரிந்துவிட்டதா? 'சங்கம் தொழிலாளர்க்கு நன்மை செய்தது' என்பதை மெய்ப்பிக்கவே புறப்படுபவர்க்கு ஆய்வு தேவையில்லை, வாழ்த்துமடல் போதும். சங்கங்கள் பலவும் அரசியல் கட்சிகளைச் சார்ந்தவை. மாணவர்க்கும் கட்சிப்பற்று இருக்கலாம். அது தலைப்பைத் தேரத் தூண்டலாம், முடிவை எழுதலாகாது.

இவ்விடத்தில் தயக்கம் ஒன்றையும் வெளிப்படையாகப் பேசுதல் நன்று. வடார்க்காட்டுப் பகுதியில் தோல் வணிகர்தம் கொடையால் கல்வி பரவியது. அது நன்றியுடன் நினைக்கத்தக்கது. அந்நன்றியே, தோல் தொழிலாளரின் சங்க வரலாற்றைத் தொடலாமா என்னும் தயக்கமாக மாறிவிடலாகாது. கொடையாளர் வேண்டியது அறிவின் வளர்ச்சியை. அறிவு கேள்வியால் வளர்வது. பதனிடும் குழியில் நின்றவரின் வரலாறும் கல்லூரிக்கு நிலம் தந்தவரின் வரலாறும் ஒரே ஊரின் வரலாறுதான்.

இறுதியாக ஒன்று. பெரிய வரலாறு நூல்களில் பாதுகாப்பாக உள்ளது, அது காத்திருக்கும். காத்திராதது சிறிய வரலாறு. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் மூடப்பட்டு ஆண்டுகள் பல கடந்தன. சிற்றூர்ச் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளும் சந்தா இரசீதுகளும் துண்டறிக்கைகளும் பரண்களில் செல்லரிக்கின்றன. வீடு மாறும்போது பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. 1970களில் கொடிபிடித்த பெண்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்தம் நினைவு எந்த நூலகத்திலும் பதிவாகவில்லை. 'தமிழகத் தொழிற்சங்கங்கள் – ஓர் ஆய்வு' என்னும் ஏட்டைப் பத்தாண்டு கழித்தும் எழுதலாம். ஒரு தெருவின் பீடிச் சங்கத்தைப் பற்றிய ஏட்டை எழுத இயலுமா என்பது ஐயமே.

ஆதலின், மாணவச் செல்வங்களே, தலைப்புக் கேட்டு வரும்போது ஒரு பெரும் பெயரோடு வாராமல், நுமக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு சிறு வினாவோடு வாருங்கள். அவ்வினா நும் தெருவிலிருந்து எழுமாயின் மிக நன்று.